தலைக்கணக்கு

காலை ஏழு மணி. பத்தரைக்கு முன்
விடியாத மாதம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
கீழே குளம்,
நீரின் மேல் ஆள் உயரத்துக்கு ஆவி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தலைகளை எண்ணி நோட்டில் எழுதுவது
என் வேலை.

செவ்வாயும் வெள்ளியும் கர்ப்பிணிகள் வருவார்கள்.
எட்டுத் தலை. எட்டு என்றே எழுதுகிறேன்.
டிக்கெட் வாங்காதவர்களுக்கு
நோட்டில் இடமில்லை.

தலைக்குத் தலை கம்பளித் தொப்பி.
அதன்மேல் விழும் பனி கரையாமல் நிற்கிறது.
மருத்துவச்சி ஆல்ஃப்தீஸ் கரையில் நின்று கைதட்ட
மார்பளவு நீரில் வட்டமாக நடக்கிறார்கள்,
ஒரே திசையில்.
பத்துச் சுற்றில் குளமே சுழலத் தொடங்கும்.
அப்போது பார்த்து, 'திரும்பு' என்பாள்.
தாங்கள் கிளப்பிய சுழலைத் தாங்களே எதிர்த்து,
வயிற்றை முன்னால் விட்டு,
பின்னால் தாங்கள் வருகிறார்கள்.
சிரித்துக்கொண்டு. ஒருத்தி மட்டும்
கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு.

துருநிறத் தொப்பி ஸ்வாலா.
திட்டுவது அவள்தான். என் மனைவி.

போன முறை பதினோராம் வாரத்தில்
லேசாக உதிரம் பட்டது.
அவளைக் கட்டிலோடு கட்டிப்போட்டவன் நான்.
குனியாதே. துணி காயப்போடாதே.
படி இறங்காதே.
தேநீர், தலையணை, சூப், இன்னொரு தலையணை.
கூரைப் பலகைகளை எண்ணி முடித்திருந்தாள்:
நாற்பத்தொன்று.
அசையாமல் கிடந்தவளிடமிருந்து
அசையாமலே போய்விட்டது அது.

பிறகு எங்கள் வீட்டில்
யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

இந்த முறை அவள் என்னைக் கேட்கவில்லை.
இரண்டு அளவு பெரிய நீச்சலுடையோடு
கடையிலிருந்து வந்தாள்.
ஆல்ஃப்தீஸைத் தேடிப் போனவன் நான்தான்.
இப்படி நடந்தால், நீந்தினால்,
விழுந்துவிடாதா?

அவள் கையிலிருந்த ஆப்பிளைக் கடித்தாள்.
"போனது துணிக்கொடியாலும் இல்லை,
உன் கட்டிலாலும் இல்லை.
ரத்தம் பட்டாலோ தலை சுற்றினாலோ
நானே கரையேற்றிவிடுவேன்.
மற்றபடி அவள் சதை வேலை செய்தால்
சர்க்கரை கட்டுக்குள் நிற்கும்,
ராத்திரி உன்னையும் தூங்கவிடுவாள்.
வேகம் அதிகமா என்று தெரியணுமா?
பேச்சைக் கவனி.
மூச்சுவாங்காமல் ஒரு வாக்கியம் முடிந்தால் சரி.
பாட்டே பாடினால்
சோம்பேறித்தனம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது.
அதனால் உதடுகளைப் பார்க்கிறேன்.
எட்டுப் பேரைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவன்
ஒரு வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஸ்வாலா திட்டுகிறாள். நீளமான வாக்கியம்.
முழுசாக முடிக்கிறாள்.
அப்பாடா.

வகுப்பு முடிந்ததும் பழக்கதோஷத்தில்
நாற்பத்திரண்டு டிகிரித் தொட்டிப் பக்கம் போகிறாள்.
ஒலிபெருக்கியில் அதட்டுகிறேன்:
"துருநிறத் தொப்பி, அந்தத் தொட்டி வேண்டாம்."
ஊரே என்னைப் பார்க்கிறது.
அவள் நாக்கைத் துருத்துகிறாள்.

எனக்குப் பதினைந்து நிமிட ஓய்வு.
உடை மாற்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்து
பட்டை மணக்கும் ரொட்டியைப் பிய்க்கிறாள்.
இருபத்தொன்பதாம் வாரம்.
நீரில் இருக்கும்வரை உள்ளே ஒரு அசைவும் இராதாம்.
ஆடுகிற தொட்டிலில் யார் விழித்திருப்பார்கள்?

என் கையை இழுத்து வைத்துக்கொண்டாள்.
ஒரு நிமிடம்.
ரொட்டி பாதி தீர்ந்தது.
மூன்று நிமிடம்.
சுவரில் எத்தனை ஓடு என்று
எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

வந்தது.
உள்ளங்கைக்கு நடுவில், குதிகாலோ முழங்கையோ,
தூக்கம் கலைந்த எரிச்சலோடு:
யார் உன்னை நிற்கச் சொன்னது?

மேலே போய் நோட்டைத் திறந்தேன்.
குளத்தில் ஒருவருமில்லை.
தண்ணீர் மட்டும் அவர்கள் கடைசியாகப் போன திசையில்
இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
பூஜ்யம் என்று எழுதுவதற்கு
கை கொஞ்சம் யோசித்தது.