நூறு என்பது எந்த ஊர்

பாகலூர் சாலையில், டயர் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில்
இரவு பத்து மணிக்கு எனக்கு சூரிச் திறக்கிறது.

பால், ஒரு லிட்டர்.
முட்டை, பன்னிரண்டு.
ஆண் முடிவெட்டு, ஒரு முறை.
ஒரு தலைக்கு அந்த ஊரில் கொடுப்பது
நஞ்சுண்டப்பா வீட்டில் நாங்கள் நான்கு பேர் படுக்கும் அறையில்
என் பங்கு வாடகை, இரண்டு மாதத்துக்கு.
வேண்டுமென்று போடுகிற கணக்கில்லை.
விக்கல் மாதிரி, தானாக வருகிறது.

நியூயார்க் என்றால் நூறு.
முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.
மற்ற ஊரெல்லாம் அதற்கு மேலே, இல்லையென்றால் கீழே.
நூறாக இருப்பது எப்படி இருக்கும் என்று
பக்கத்து நாற்காலி ஷபீனாவைக் கேட்டேன்.
‘பரீட்சையிலயே எடுத்ததில்ல, எனக்கெப்படித் தெரியும்’ என்றாள்.

ஒரு கம்பெனி ஒருவரை
ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்புமாம்.
போகிற இடத்தில் அவருக்கு
ஒரு டம்ளர் பால்கூடக் குறைந்துவிடக் கூடாதாம்.
அதற்குத்தான் இந்தப் பட்டியல்:
பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நாய்க்குத் தடுப்பூசி,
ஒயின், நடுத்தரம், ஒரு புட்டி,
வெயில் அதிகமென்றால் அதற்கும் ஒரு படி.
பிடித்துத்தான் போனது எனக்கு.
ஒருத்தர் இடம் மாறுவதற்கு
இவ்வளவு யோசிக்கிறார்களே.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு நான் வந்தது
ஒரு கட்டைப்பையோடு, டவுன் பஸ்ஸில், நின்றுகொண்டு.
இங்கே குளிர் அதிகம்.
படி கிடையாது.

தக்காளி, ஒரு கிலோ, ஆஸ்லோ.
எண்ணை அடித்து முடிக்கவில்லை, தம்பி திம்மராயன் போனில்.
இருபத்தைந்து கிலோ பெட்டி எழுபதுக்குப் போயிருக்கிறது.
வண்டிக்கு முப்பது, கமிஷன் ஏழு,
பறிகூலியக் கேக்காத என்றான்.
கேட்கவில்லை.
‘நீ எழுதுற ஊர்ல என்ன வெல?’
நான் சொல்லவில்லை.
இரவு பதினொன்றரைக்கு ஒருவனிடம் சொல்லக்கூடிய
எண் இல்லை அது.

திரையின் அடியில் ‘புதிய நகரம் சேர்’ என்று ஒரு பொத்தான்.
தொடாதே என்று யாரும் சொன்னதில்லை.
ராயக்கோட்டை என்று எழுதினேன்.
தக்காளி, ஒரு கிலோ: இரண்டு ரூபாய் எண்பது காசு.
கட்டம் சிவந்தது.
‘மதிப்பு நம்பும்படி இல்லை. சரிபார்க்கவும்.’
சரிபார்த்தேன்.
தம்பியைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.
மறுபடியும் சிவந்தது.

விடாமல் அடுத்த வரிசைக்குப் போனேன்.
குடிநீர்.
சூரிச்சில் குழாயைத் திறந்து அப்படியே குடிப்பார்களாம்.
எங்கள் போரில் வந்ததைப் பத்து வருஷம் குடித்துத்தான்
என் முன்பற்களில் இந்தப் பழுப்புக் கோடு.
அடையாள அட்டைப் படத்தில் பாருங்கள்,
வாய் மூடியிருக்கும்.
கேன் தண்ணீர் முப்பத்தைந்து என்று எழுதினால் போதுமா,
கோட்டையும் சேர்த்து எழுத வேண்டுமா?
பல் மருத்துவர் எட்டு வரிசை தள்ளி
வேறு தலைப்பின் கீழே உட்கார்ந்திருக்கிறார்.
தண்ணீரிலிருந்து அவரிடம் போக
பட்டியலில் வழியில்லை.

சேமிக்கவா என்றது.
வேண்டாம் என்று கொடுத்தேன்.

அதுவரை பார்க்காத மாதிரி இருந்த ஷபீனா
நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
‘எங்க காவேரிப்பட்டணத்தையும் ஒருதடவ போடேன்.’
பெங்களூரா மாங்காய், ஒரு கிலோ, நாலு ரூபாய்.
அதுவும் சிவப்பு.
அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது,
எனக்கும்.
வாயைப் பொத்திக்கொள்ள மறந்துவிட்டேன்.

ஐந்தரைக்குக் கீழே இறங்கினால்
டீக்கடையில் பாய்லர் பக்கம் மட்டும் வெளிச்சம்.
‘நாளையிலிருந்து பதினஞ்சும்மா, பாலு ஏத்திட்டான்.’
கடைசிப் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டு
கிளாஸ் சூடாறும் முன்னே
மனதுக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டேன்:

டீ, ஒன்று, ஓசூர், பதினைந்து.
ஆதாரம்: நேரில்.