இருபத்தைந்தில் ஒன்று

பெட்டி மேல் படத்தில்
கறுப்பு உடம்பு, பச்சை அறை,
ஆஸ்டெண்ட் துறைமுகத்து இறால் படகு.
உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்,
ஆறு பக்க விளக்கத்தாள்,
எண் போட்டு, அம்பு போட்டு,
மீறாதே என்று சொல்லாமல் சொல்லும் தாள்.

ஆறாம் பக்கத்தை முதலில் கிழித்தேன்.
அதில்தான் வண்ணங்கள் இருந்தன.

கடலோர ட்ராம் ஓட்டுகிறேன், பத்தொன்பது வருஷம்.
போகும்போது இடப்பக்கம் கடல்,
திரும்பும்போது வலப்பக்கம்.
ஒருநாளும் அதன்மேல் போனதில்லை;
மிதவைப் பாலத்தில் நின்றாலே எனக்குக் குமட்டும்.
ஆனாலும் ஒரு படகு வேண்டியிருந்தது,
எனக்குப் பிடித்ததைத் தவிர
வேறெதுவும் ஏறாத படகு.

உடம்புக்கு, சமையலறை அலமாரிக்கு அடித்து மிஞ்சிய
பீட்ரூட் நிறம்.
ட்ராமின் மஞ்சள் மட்டும் கிட்டவே வரக்கூடாது.
அறைக்கு வெள்ளை; மூன்றாம் பூச்சில் ஒரு ஈ உட்கார்ந்தது,
எடுத்தபோது அதன் கால் ஒன்று தங்கிவிட்டது.
இருக்கட்டும்.

வலை தொங்கவேண்டிய இரண்டு நீளக் கைகளிலும்
சலவைக் கயிறு கட்டினேன்.
பழைய கையுறையை வெட்டி நாலு காலுறை, ஒரு போர்வை.
காற்றில் ஆடட்டும் என்று பசையைக் குறைத்தேன்.

கதவை அறுத்து அகலமாக்கினேன்:
என் இடுப்பை இருபத்தைந்தால் வகுத்துப் பார்த்தும்
நுழையவில்லை.

மணி ஒன்று வந்தது, பித்தளை, பட்டாணி அளவு.
நாள் முழுக்க மணி அடிக்கிறவள் நான்,
சைக்கிளுக்கு, நாய்க்கு,
ஐஸ்கிரீமோடு தண்டவாளத்தில் நின்று
கடலைப் படமெடுக்கும் குடும்பத்துக்கு.
அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினேன்.
பெயருக்கு, ஒட்டுத்தாளில் 'ஸ்டெல்லா மாரிஸ்' என்று
பதினோரு எழுத்துகள் தந்திருந்தார்கள்.
நாலைப் பொறுக்கி ஒட்டினேன்: ஸ்டில்.
எங்கள் பேச்சில், சத்தமில்லாமல்.

ஞாயிறு, பூங்காக் குளம்.
ஒதிலோன் வந்தார், சட்டைப்பையில் அளவுகோலோடு.
'இப்படி ஒரு படகு இருந்ததேயில்லை, அம்மணி.'
'இதோ இருக்கிறதே.'
'இந்த நிறத்தில் இறால் படகா?'
'வெந்த இறால் என்ன நிறம்?'
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அறைக்குள் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.

'ஓட்டுகிற இடத்தில் இரண்டு நாற்காலி.'
'ஆமாம்.'
'நாற்காலியே கிடையாது அந்தக் காலத்தில். நின்றுதான் ஓட்டுவார்கள்.
அதிலும் இரண்டா? யாருக்கு?'

பை வைக்க, என்றேன்.

ட்ராமில் ஒரே நாற்காலி என்று சொல்லவில்லை.
'ஓட்டுநரோடு பேசாதீர்கள்' என்ற பலகை
பத்தொன்பது வருஷமாக
என் முதுகுக்குப் பின்னால் தொங்குவதையும்.

தண்ணீரில் விட்டேன்.
இரண்டாவது நாற்காலிப் பக்கம் சாய்ந்தது படகு,
யாரோ ஏற்கெனவே ஏறி உட்கார்ந்த மாதிரி.

ஒதிலோன் கைநிறைய ஈயக் குண்டுகளை நீட்டினார்:
'மறுபக்கம் வையுங்கள், நேராகிவிடும்.'
வாங்கிக்கொண்டேன். வைக்கவில்லை.
கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தன அவை.

படகு சாய்ந்தபடியே போய்
நடுக்குளத்தில் மெல்லத் திரும்பியது,
துணி ஆடியது,
ஒரு வாத்து வந்து காலுறை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு
நாணலுக்குள் ஓடியது.
கரையோரமாக அதைத் துரத்தினார் ஒதிலோன்,
அளவுகோலை ஓங்கியபடி,
'ஏய், அது எங்களுடையது' என்று கத்திக்கொண்டு.