மேலே ஒரு சட்டை

எழுகடல் தெரு முனையில்
தார்ப்பாயில் குவித்துப் போட்டிருந்த சட்டைகளுக்குள்
இது கிடந்தது.
திருப்பூரில் கழித்துவிட்ட சரக்கு.
கழுத்துப் பட்டியில் வாசிக்கத் தெரியாத ஏதோ நாட்டு எழுத்து,
நீலமும் வெள்ளையும் கட்டம்,
மூன்றாவது பொத்தான் மட்டும் பச்சை.
நூற்றியிருபது சொன்னார். எண்பதுக்கு முடிந்தது.
"வீட்டுக்காரருக்கா?"
எனக்கு, என்றேன்.
மீதிச் சில்லறை எண்ண
கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டார்.

இருப்பது நாலு சுடிதார், ரெண்டு டீ-ஷர்ட்,
முட்டியில் வெளுத்த ஜீன்ஸ்,
ஸ்கேன் சென்டர் வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு சேலை.
பதினோராயிரம் சம்பளத்தில்
புதுசு புதுசாய் உடுத்த முடியாது.
பழசின் மேல் ஒன்றைப் போட்டால்
பழசு கொஞ்சம் உள்ளே போய்
யோசித்துவிட்டு வருகிறது.

மஞ்சள் டீ-ஷர்ட்டின் மேல் பொத்தான் போடாமல் விட்டேன்:
வைகைப் பாலத்தில் காற்று
ரெண்டு முனையையும் பிடித்துக்கொண்டு
கூடவே ஓடி வந்தது.
கறுப்புச் சுடிதாரின் மேல் கை மடித்துப் போட்ட அன்று
ரிசப்ஷன் ஜெசிந்தா
"எங்கேடி எடுத்தே?" என்றாள்,
சுடிதாரைப் பார்த்து.
மூணு வருஷமாய் அவள் பார்க்கிற சுடிதார்.

மதுரை வெயிலுக்கு மேலே ஒரு சட்டையா
என்கிறார்கள்.
வெயிலுக்குத்தான்.

ஆம்பளைச் சட்டைக்குப் பொத்தான் வலப்பக்கம்.
விரல்கள் நாலு நாள் தடுமாறின,
புது வீட்டில் சுவிட்ச் தேடுகிற மாதிரி.
ஆனால் பை!
நெஞ்சுக்கு மேல் ஒரு பை.
வண்டிச் சாவி, ரெண்டு ஹேர்பின்,
தலைவலி மாத்திரை ஒரு அட்டை.
இருபத்தொன்பது வருஷம்
இதை ஒளித்து வைத்திருந்தது யார்?

போன புதன் கோரிப்பாளையத்தில் சிவப்பு.
பக்கத்தில் ஒரு டாட்டா ஏஸ்,
பின்னால் சாந்துச் சட்டிகளோடு நாலைந்து சித்தாள்கள்.
ஓரத்தில் இருந்தவள்
ஆரஞ்சுச் சேலைக்கு மேலே
இதே நீலம். இதே கட்டம்.
ரெண்டும் ஒரே குவியலில் கிடந்திருக்கும்.
அவளுடையதில் கை மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது,
சிமெண்டு கடிக்காமல்.
கழுத்துவரை பூட்டியிருந்தாள்,
குனியும்போது மேஸ்திரி கண்ணுக்கு வேலையில்லாமல்.
பையில் போனும் பாக்குப் பொட்டலமும்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
ஏதோ நானே கண்டுபிடித்ததாக
ஒரு மாசமாய் நினைத்துக்கொண்டிருந்தேன்.
மறுபடி பார்த்தால்
அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஜவுளிக்கடைப் பொம்மையைப் பார்க்கிற மாதிரி.
பிறகு தன் மூன்றாவது பொத்தானைத்
தொட்டுக் காட்டினாள்.
அதுவும் பச்சை.

சிரித்தோம்.
அவள் வாய்விட்டு, நான் ஹெல்மெட்டுக்குள்.
"என்ன தாயி, மாட்டாமத் தெறந்து விட்ருக்க?"
"காத்துக்கு."
"காத்துக்காம்டி!" என்று
பக்கத்தில் இருந்தவள் தொடையில் தட்டினாள்.
"ஏ ஒச்சாயி, சட்டியப் பிடி" என்று யாரோ கத்த
சிக்னல் விழுந்தது.

வெள்ளிக்கிழமை சேலைக்கு மேல் போட்டுக்கொண்டேன்.
கண்ணாடியில் அவ்வளவு நன்றாக இல்லை,
சொல்லிவிடுகிறேன்.
கொசுவம் உப்பிக்கொண்டு,
முந்தானையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசியில் சட்டைக்கு உள்ளேயே திணித்தேன்.
மேனேஜர் தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார்:
"என்னம்மா, கொத்து வேலைக்கா?"
"ஆமா சார். மேல்பூச்சு."
ஜெசிந்தா பில் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அன்று பதினேழு வயிறு.
ஜெல் முழுக்கச் சட்டைக் கையில்தான்,
சேலையில் ஒரு பொட்டு இல்லை.

சாயங்காலம் கோரிப்பாளையம் நெருங்க
வண்டியை மெதுவாக விட்டேன்,
சிவப்பு விழட்டும் என்று.
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துத் தீர்த்தது.
பச்சையாகவே இருந்தது.