எண்பத்தெட்டாம் வரி

நவம்பர் கடைசி.
ட்ரோம்சோவில் சூரியன் நீண்ட விடுப்பில் போய்
மூன்று நாளாகிறது.
காப்பியை ஆறவிட்டு
இங்வில்ட் வாசித்துக்கொண்டிருக்கிறாள்:
இருநூற்றுப் பன்னிரண்டு வரி,
எண்களைக் கொடுத்தால்
கோடு போட்டுத் தரும் கோடு.

அனுப்பியவன் எலாடியோ.
பூமியின் மறுகோடியில், வால்டிவியாவில்,
ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகம்.

முதலில் சில்லறைக் குறைகள்.
மாறிக்கு ‘தற்காலிகம்2’ என்றா பெயர்?
அடுத்த வருஷமும் அது இங்கேதான் இருக்கும்.
அச்சில் அலகு இல்லை. மீட்டரா, முழமா?
சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைக்காதே,
என் தம்பிக்கு இரண்டும் ஒரே சேறு.
சோதனைகள் நாற்பத்தொன்றும் தேறிவிட்டன, நல்லது.

பிறகு எண்பத்தெட்டாம் வரி.
மதிப்பு இல்லாத இடம் வந்தால்
முந்தின புள்ளியையும் அடுத்த புள்ளியையும்
இழுத்துச் சேர்.

படம் அழகாகத்தான் இருந்தது.
ஜூலையிலிருந்து ஆகஸ்டுக்கு
இறுக்கிக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி.

ஏன் சேர்த்தாய்?
*விட்டால் உடைந்தது போல் தெரிகிறது.
மென்பொருளில் கோளாறா என்று
மேலதிகாரி கேட்கிறார்.*
அந்தப் பதினொரு நாள் என்ன ஆயிற்று?

பதில் வர மறுநாள் ஆயிற்று.

*வெள்ளம். கருவியே போய்விட்டது,
கம்பத்தோடு, பெட்டியோடு.
பன்னிரண்டாம் நாள் புதியது வைத்தபோது
ஆறு ஒன்றும் அறியாதது போல
பழைய மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது.
சந்தையில் மீன் விற்கும் செனோபியா
சுவரில் சேறு நின்ற உயரத்தைக் காட்டுகிறாள்:
அவள் தோளுக்கு மேல் ஒரு சாண்.
அதைத் தரவில் எங்கே போடுவது
என்று எனக்குத் தெரியவில்லை.*

இங்வில்ட் படத்தைத் திரும்பப் பார்த்தாள்.
ஆறு ஊருக்குள் புகுந்த பதினொரு நாளும்
சமர்த்தாய் ஒரு நேர்க்கோடு.
எண் ஒன்றுகூடப் பொய்யில்லை.
கோடுதான் பொய்.

எந்தப் புத்திசாலி இதை முதலில் எழுதினான்
என்று கோப்பின் வரலாற்றைத் திறந்தாள்.
ஏழு வருஷம் முன்பு, ஒரு ஞாயிறு,
இரவு பதினொன்று நாற்பது.
இங்வில்ட் ஸ்கோர்ஹைம்.

எலாடியோ பழைய கோப்பிலிருந்து
ஒரு காற்புள்ளிகூடச் சிந்தாமல்
எடுத்து வைத்திருக்கிறான், மரியாதையாக.

ஏன் எழுதினாள்? நினைவில்லை.
யாருக்கோ மறுநாள் காலைக்குள்
படம் வேண்டியிருந்திருக்கும்.
அதன் பின் எத்தனை ஆறு,
எத்தனை காய்ச்சல், எத்தனை பனிப்பாறை
இந்த வரி வழியாகச்
சௌக்கியமாகக் கடந்து போயினவோ.

தட்டினாள்:
எண்பத்தெட்டை நீக்கிவிடு. அது என் தவறு.
இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும்.
கேட்டால், கோளாறு ஆற்றில் என்று சொல்.
கொஞ்சம் யோசித்து,
அலகு இன்னும் போடவில்லை
என்றும் சேர்த்தாள்.

மாலையில் புதுப் படம் வந்தது.
கோடு வருகிறது, நிற்கிறது.
வெள்ளை.
அப்புறம் எங்கிருந்தோ மறுபடி தொடங்குகிறது.

இப்போது இரண்டு சோதனைகள் தோற்கின்றன.
அவையும் அவள் எழுதியவைதான்.
காப்பியைச் சூடுபண்ண எழுந்தாள்.