எட்டு புள்ளி நாலு

மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் என் பட்டறை.
இந்தக் காற்றில் இரும்பை உப்பு தின்றுவிடும்.
செம்பைத் தின்னாது,
பச்சை பிடிக்க வைத்துக் காத்திருக்கும்.

சந்தியாகு கொண்டுவந்த மெட்டடோர் பிக்கப்புக்கு
நம்பர் பிளேட்டில் இன்னும் பழைய மூன்றெழுத்து.
"லைட்டு மங்கல். எல்லாம் வயருக் கோளாறு.
மொத்தத்தையும் உருவிப் போட்டுரு."

உருவினேன்.
டாஷ்போர்டுக்குள் கை விட்டதும்
மீன் குடல் மாதிரி மடியில் சரிந்தது.
ஒட்டுக்கு ஒரு கை.
ஒருவன் சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றியிருக்கிறான்.
ஒருவன் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றியிருக்கிறான்.
இன்னொருவன் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகிவிட்டு
வண்டி எரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை
ஏர்வாடியில் ஒப்படைத்திருக்கிறான்.

மீட்டர் வைத்தேன்.
பேட்டரியில் பன்னிரண்டரை.
ஹெட்லைட்டுக்கு வந்து சேர்வது
எட்டு புள்ளி நாலு.
மீதியை வழியெல்லாம் களிம்பு வசூலித்துக்கொள்கிறது.
சொன்னேன்.
"எட்டுதானா?" என்றார்,
கோர்ட்டில் ஜெயித்துவிட்டு வெளியே வந்தவர் போல.
"நான் சொன்னேன்ல, கோளாறு வண்டிலதான்னு."
யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சீட்டைக் கழற்றியபோது ஒரு நீல வயர்.
மற்றதைப் போலப் பழசில்லை.
சுத்தமான வேலை, சால்டர் மணி மணியாக.
செல்ஃபுக்குப் போகிற லைனை நடுவில் வெட்டி
பக்கத்து சீட்டுக்கு அடியில்
வீட்டு ஃபேன் சுவிட்ச் ஒன்றில் முடித்திருந்தது.
அதை அணைத்துவிட்டால்
எத்தனை முறை சாவி திருகினாலும் வண்டி எடுக்காது.
கரை மணலில் தள்ளி எடுக்கவும் வழியில்லை.

"இது எதுக்கு?"
"அது கெடக்கட்டும்" என்றார் கடலைப் பார்த்துக்கொண்டு.
"பொழுது சாஞ்சா இதுக்குச் செல்ஃப் அடிக்காது.
மூணு வருசமா அப்படித்தான்.
காலைல அடிச்சா ஒரே அடில எடுக்கும்."

நாலு நாள் ஆனது.
படகுக்குப் போடுகிற ஈயம் பூசின வயர்.
தகடு துளைத்த இடமெல்லாம் ரப்பர்.
சேசிஸில் துரு சுரண்டி, வெள்ளை தெரிந்தபின் எர்த்.
ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே.
கவிழ்த்த மீன் பெட்டியில் உட்கார்ந்து
டீசல் விலை, நண்டு விலை,
மருமகன் திருப்பூரில் வாங்கிய கடன் எல்லாம் சொன்னார்.
வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் கேட்டேன்.
அந்த இருட்டுக்குள் நீட்டிய என் கையைத் தாண்டி
மண்ணில் வைத்தார்.

நாலாம் நாள் மாலை
பாம்பன் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிடித்தன.
டிரைவர் சீட்டில் அவரை உட்காரச் சொன்னேன்.
ஹெட்லைட்டில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
வெளிச்சம் உடைமர வேலி தாண்டிப் போய்
ரோட்டு வளைவில் மைல்கல்லின் மஞ்சளைத் தொட்டது.
நடு ரோட்டில் படுத்திருந்த நாய்
எழுந்து அலுத்துக்கொண்டு இடம் மாறியது.

"நல்லாருக்கு" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஹைபீமப் போடு."

போட்டுத்தான் இருந்தேன்.

நான் பேசவில்லை.
என் சும்மா இருப்பிலிருந்து அவருக்கு விளங்கிவிட்டது.
இறங்கி, பானெட்டைத் தடவிக்கொண்டே முன்னால் வந்து
லைட்டுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.
விரல்களுக்குள் ரத்தம் சிவப்பாகத் தெரிந்தது.
"சூடு சரியா இருக்கு.
உன் வேலைல குத்தமில்ல."

பிறகு, விலை பேசுகிற குரலில்:
"அந்த சீட்டுக்கடி வயரு.
அதையும் புதுசாப் போட்டுரு.
அமலோற்பவத்துக்குக் கை எட்டுற எடத்துல இருக்கணும்.
குனிஞ்சா இப்ப அவளுக்கு இடுப்பு வலிக்கி."

நீலம் என்னிடம் இல்லை.
மஞ்சள் போட்டேன்.

சுவிட்சை அணைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.
ஒருதரம் திருகினார்.
சத்தமே இல்லை.
"சுத்தமான வேல" என்று சாவியை என்னிடமே தந்துவிட்டு
"காலைல வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

பஸ் நிற்கிற இடம் நூறு அடி.
அவர் போய்ச் சேரும்வரை
ஹைபீமை அணைக்கவில்லை.