அஃறிணையில் ஒரு சிறுமி

பென்னாகரம் சாலையில்
பேட்டரிக் கடைக்கு மேலே
எங்கள் ஜெர்மன் வகுப்பு.
காலை ஆறரை.
இரவுப் பணி முடித்தவர்கள்
டெட்டால் மணத்தோடு வருவார்கள்,
பகல் பணிக்குப் போகிறவர்கள்
ஈரத் தலையோடு.
பதினோரு நர்சுகள். நான்.
வயதில் நான் கடைசிக்கு முந்தி.
பலகைப் பக்கம் நிற்பதும் நான்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன்.
இருபதுக்கு ஜெர்மனில்
ட்ஸ்வான்ட்ஸிக் என்று வர வேண்டும்.
முனிரத்னாவின் வாயில் அது
சுண்டக்கா என்று வந்தது.
சிரித்துவிட்டேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவளும் சிரித்தாள்.
பிறகு மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.
வருவாள், கையெழுத்துப் போடுவாள்,
ஜன்னலோரம் உட்கார்ந்து
நோட்டில் மட்டும் பேசுவாள்.

ஒரு திங்கட்கிழமை
என் பழைய மதிப்பெண் தாளைச் சுவரில் ஒட்டினேன்.
பேச்சுப் பிரிவு: ஐம்பத்திரண்டு.
தேர்ச்சிக்கு அறுபது.
பச்சையம்மாள் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"நீயுமாம்மா?"
அன்றைக்குத்தான்
வரிசையாய்க் கிடந்த நாற்காலிகள் வளைந்தன.
யார் இழுத்துப் போட்டார்கள் என்று தெரியாது.

அதன் பிறகு, யாராவது பேசும்போது
சாக்பீசை மேசையில் வைத்துவிடுவேன்.
கையில் இருந்தால்
அது திருத்தத் துடிக்கும்.

ஒரு நாள் புள்ளி வைத்த ஊ.
"ஈ சொல்லுங்க,
உதட்டை மட்டும் ஊவுக்குக் குவிங்க."
பன்னிரண்டு பேரும் குவித்தோம்.
கீழே மாதேஷ்
எங்கோ குக்கர் விசில் என்று நினைத்தாராம்.

பிறகு டெர், டீ, டாஸ்.
மேசை ஆண்.
கதவு பெண்.
கத்தி அஃறிணை, கரண்டி ஆண்,
முள்கரண்டி பெண்.
தக்காளி?
பெண்.
"அதான் பாலக்கோடு மண்டியில
அதுக்கு வெலையே இல்ல" என்றாள் கஸ்தூரி.
இந்தச் சிரிப்பு யாரையும் குத்தவில்லை.

சிறுமி?
டாஸ் மேட்ஷென்.
"டாஸா?"
ஆமாம், இலக்கணப்படி அது.
செல்லமாய்ச் சுருக்கும் விகுதி வந்தால்
எதுவானாலும் அஃறிணை என்றேன்,
ஏதோ நானே போட்ட சட்டம் போல.

கீழே கண்டக்டர் கூவுவது கேட்டது:
பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்.
வேறு சத்தமில்லை.
பிறந்த பெண்ணை
'அது' என்று பேசி முடித்த வீடுகள்
எங்கள் பக்கம் உண்டு.
அந்த மௌனத்துக்கு
என் பாடத்திட்டத்தில் பக்கமில்லை.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.
"நான் மூணாவது பொண்ணு.
ஆஸ்பத்திரித் தொட்டில் வரைக்கும் போய்
திரும்பி வந்தவ."
முனிரத்னா.
"வீட்ல தெலுங்கு.
அதுல பொண்ணு வந்தாலும் வச்சிந்தி,
பஸ் வந்தாலும் வச்சிந்தி.
எங்கம்மா அந்த வச்சிந்தியச் சொல்லிக்கிட்டேதான்
எனக்குத் தட்டு எடுத்து வைக்கும்.
இலக்கணம் ஒண்ணும் பண்ணாது, மேடம்.
சொல்ற வாய்தான்."

பிறகு எழுந்து நின்றாள்.
யாரும் எழச் சொல்லவில்லை.
டாஸ் மேட்ஷென், என்றாள்.
நிறுத்தினாள்.
நாங்கள் காத்திருந்தோம்.
பச்சையம்மாள் அக்கா மூச்சைக்கூடப்
பிடித்துக்கொண்டது போலிருந்தது.
"டாஸ் மேட்ஷென் கொம்ட்.
ஸீ இஸ்ட் க்ராங்கன்ஷ்வெஸ்டர்."

சிறுமி வருகிறது.
அவள் நர்ஸ்.

முதல் வாக்கியத்தில் அது,
இரண்டாவதில் அவள்.
புத்தகம் என்ன சொல்லும் என்று
எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.
சாக்பீஸ் மேசையில் கிடந்தது.
கிடக்கட்டும்.

மணி ஏழே முக்கால்.
எட்டுக்கு அவளுக்குப் பணி.
செருப்பை மாட்டிக்கொண்டு
படிகளை ஜெர்மனில் எண்ணியபடி இறங்கினாள்.
பத்தொன்பது வரை பிசகில்லை.
கடைசிப் படியில் நின்றாள்,
மேலே என்னைப் பார்த்தாள்,
வேண்டுமென்றே
"சுண்டக்கா" என்றாள்.