பன்னிரண்டு எழுத்து முகவரி

திங்கட்கிழமை காலை ஆபிஸ் கணினி செத்துப்போனது.
விசிறிக்குள் செம்பனைத் தூசியும்
ஒரு பல்லி வாலும் இருந்தன.
புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றார் மேனேஜர் செழியன்.
"உன் லேப்டாப்பைக் கொண்டு வாயேன், விமலேஸ்வரி,
வீட்டில சும்மாதானே கிடக்குது."

சும்மா கிடக்கவில்லை.
அதில் மகளின் எஸ்.பி.எம். கணக்குப் பயிற்சி,
கார் தவணைப் பட்டியல்,
சிரம்பானில் ஒரு வேலைக்கு எழுதி
நாலு மாதமாய் அனுப்பாத விண்ணப்பம்.
பிறகு 'ரசம்' என்று பெயரிட்ட ஒரு ஃபைல்.
ரசத்தை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

தராசு மேடைச் சன்னலோரம்
நீல வயரைச் செருகினேன்.
விளக்கு இரண்டு முறை பச்சையாய்ச் சிமிட்டி,
யோசித்து,
ஆரஞ்சுக்கு மாறியது.
அறியப்படாத நெட்வொர்க், என்றது திரை.
பதினோரு வருஷம் இதே நாற்காலி.
யார் யாரை அறியவில்லை?

கோலாலம்பூரிலிருந்து ஃபைசுல் போனில் வந்தான்.
நல்ல பையன்.
வாக்கியத்துக்கு ஒரு அக்கா, மலாயில்.
கறுப்புத் திரையில் தட்ட வேண்டியதை
எழுத்தெழுத்தாகச் சொன்னான்.
"அட்ரஸ்னு ஒரு வரி இருக்கும், படிங்க."
நாலு, சி, எட்டு, பூஜ்யம்,
நடுவில் லோரி ஹாரன்,
"பி-யா டி-யா அக்கா?"
"பி. பகாவ் பி."

பகாவ் இதோ, ஆறு கிலோமீட்டர்.
அங்கே கடைவீட்டுக்கெல்லாம் கதவு எண் உண்டு.
எங்கள் லைனுக்குக் கிடையாது;
என் கடிதங்கள் முடிதிருத்தும் கடையில்
பவுடர் டப்பாவுக்கு அடியில் இருக்கும்.
லோயாட்டில் பழையதாய் வாங்கிய இந்தப் பெட்டிக்கோ
உலகத்தில் வேறெதற்கும் இல்லாத
பன்னிரண்டு எழுத்து.

"பேரையும் மாத்தணும் அக்கா."
'டான் குடும்பம்' என்றிருந்தது இதுவரை.
யாரோ டான். நான் தொட்டதில்லை.
இப்போது 'தராசு-02'.
ஒன்றுதான் காலையில் செத்துப்போனது.

கடைசியில் ஒரு நீளமான கடிதம் திரையில்.
இந்தக் கருவியை நிறுவனம் பார்வையிடலாம்.
தேவைப்பட்டால் முழுவதையும் அழிக்கலாம்.
"யாரும் படிக்க மாட்டாங்க, கீழ போய் அழுத்துங்க."
நான் படித்தேன்.

ரசத்தில் இருப்பது:
தேதி, லோரி எண்,
காலையில் மேடை சொன்ன எடை,
மாலையில் சிலிப்பில் ஏறிய எடை.
மழை நாளில் இரண்டுக்கும் நடுவே
ஐந்நூறு அறுநூறு கிலோ கரையும்.
எதற்கென்று தெரியாமலே
இரண்டு வருஷமாய் எழுதுகிறேன்,
சிலர் நகம் கடிப்பதுபோல.

"அக்கா, இருக்கீங்களா?"
"இருப்பா, தண்ணி குடிச்சிட்டு வரேன்."
பென்டிரைவில் ரசத்தை ஊற்றினேன்.
சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில்,
பப்படத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன்.
லேப்டாப்பில் அழித்தேன்.
அழித்ததையும் அழித்தேன்.
விண்ணப்பத்தை மட்டும் விட்டுவிட்டேன்.
படித்தால் படிக்கட்டும்.

ஒப்புக்கொண்டேன்.

பச்சை.
'பொது' என்று ஓர் அலமாரி திறந்துகொண்டது,
பழைய கணினி ஒருநாளும் காட்டாதது.
ஃபைசுல் எந்தப் பெட்டியில் தவறி டிக் போட்டானோ.
உள்ளே செழியன் என்று ஒரு ஃபோல்டர்.
அதற்குள் திருத்தம்.
திருத்தத்துக்குள் வருஷங்கள்,
என்னுடையது போல் இரண்டல்ல, ஏழு.
வயருக்கு இந்த முனை அந்த முனை தெரியாது போலிருக்கிறது.

திறக்கவில்லை.
திறந்தவர் பெயரும் நேரமும் பதிவாகும்
என்பது அந்தக் கடிதத்தின் ஏழாவது பத்தி.

ஹாரன்.
ஆ லெக்கின் லோரி மேடையில் ஏறிக் குலுங்கி நின்றது.
பதினெட்டாயிரத்து நானூற்று இருபது.
தட்டினேன்.
மாலைக்கு வைக்கவில்லை,
சூடு ஆறாத சிலிப்பைச் சன்னல் வழியே நீட்டினேன்.

புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
"என்ன இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?"

"கம்பியூட்டர் மாத்தியாச்சு" என்றேன்.